பாஸ்ட்ராப் கற்குடில்களில் தங்க வேண்டுமா?

டெக்சாஸ் பக்கம் போகிறவர்கள், ஆஸ்டினிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் உள்ள பாஸ்ட்ராப் மாநிலப் பூங்காவின் கற்குடில்களில் ஓர் இரவாவது தங்குங்கள். அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்தில் தவித்த 1930களில், அரசின் வேலைத் திட்டத்தில் சேர்ந்த இளைஞர்கள் கட்டியவை இவை. மாதச் சம்பளம் 30 டாலர். அதில் சுமார் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். அந்தக் கைகள் செதுக்கிய மணற்கல் சுவர்களை நிதானமாகப் பாருங்கள். மண்ணிலிருந்தே முளைத்தவை போல நிற்கின்றன. பூங்காவுக்கான மர நாற்காலி, மேசைகளையும் இங்கிருந்த பட்டறையிலேயே செய்தார்கள். 2011இல் பெருந்தீ பைன் காட்டின் பெரும்பகுதியை அழித்தபோதும், தீயணைப்பு வீரர்கள் போராடி இக்குடில்களைக் காத்தார்கள்.

குடில்கள் சிலவே. ஆகவே மாநிலப் பூங்காக்களின் இணையதளத்தில் சில மாதங்கள் முன்பே பதிவு செய்யுங்கள். வார நாள் என்றால் இடம் கிடைப்பது எளிது. ஒவ்வொரு குடிலின் அமைப்பும் வேறு. சமையல் வசதி, படுக்கைகளின் எண்ணிக்கை, கணப்பில் தீ மூட்ட அனுமதி உண்டா என்பதையெல்லாம் பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள். சிறுவர்களோடு போகிறீர்களா? சுவரில் ஆணி அடிக்கவோ, பெயர் கிறுக்கவோ கூடாது என்று முன்பே சொல்லிவையுங்கள். இது தேசிய வரலாற்றுச் சின்னம்.