சக்கரமா, ஊசியா, அச்சு இயந்திரமா: வரலாற்றின் மிக முக்கியமான பொருளை விவாதிக்கும் முறை

"மனிதர் செய்த பொருள்களில் வரலாற்றிலேயே மிக முக்கியமானது எது?" இந்தத் தலைப்பை அப்படியே மேடையில் தூக்கிப் போட்டால் என்ன ஆகும்? ஒருவர் நெருப்பு என்பார். அடுத்தவர் மின்சாரம் என்பார். மூன்றாமவர் மொழி என்று சொல்லிக் கைதட்டும் வாங்கிவிடுவார். மூன்றுமே பொருள் கிடையாது. அதற்கப்புறம் ஒருவர் பேச்சு இன்னொருவர் பேச்சோடு மோதவே மோதாது. மோதாத பேச்சை எத்தனை மணி நேரம் கேட்டாலும் யார் ஜெயித்தார் என்று சொல்ல முடியாது. ஆகவே இந்த விவாதத்தில் பாதி வேலை பேச்சாளர் வாயைத் திறப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

தலைப்பைச் செதுக்குவது

தமிழில் 'பொருள்' என்றால் அர்த்தமும் ஆகும், செல்வமும் ஆகும், வஸ்துவும் ஆகும். சாமர்த்தியமான பேச்சாளர் இந்த ஓட்டை வழியாகப் 'பணம்', 'அறம்' என்றெல்லாம் நுழைந்துவிடுவார். எனவே தலைப்போடு இரண்டு வரி விளக்கம் சேர்த்தே கொடுங்கள்: மனிதர் செய்ததாக இருக்க வேண்டும், ஒரே புகைப்படத்தில் அடங்க வேண்டும்.

இந்தப் புகைப்பட விதி பார்க்கச் சாதாரணமாகத் தெரியும், ஆனால் பெரிய சண்டைகளை அதுவே தீர்த்துவிடும். நெருப்பு வெளியே, தீக்கடைகோல் உள்ளே. மின்சாரம் வெளியே, ஜெனரேட்டர் உள்ளே. மொழி வெளியே, எழுத்து பதித்த களிமண் பலகை உள்ளே. பூஜ்யம், ஜனநாயகம், இணையம் எல்லாம் வெளியே. 'கருவி' என்று மொட்டையாகச் சொல்லி எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டப் பார்ப்பவரும் வெளியே, ஏனென்றால் 'கருவி'யைப் படம் எடுக்க முடியாது, ஒரு சுத்தியலைத்தான் எடுக்க முடியும்.

வேலியோரத்தில் நிற்கும் சில பொருள்களுக்கு நடுவர் முன்கூட்டியே தீர்ப்பு எழுதி வைக்க வேண்டும். மக்காச்சோளம் ஒன்று. மெக்சிகோவில் டியோசின்டே என்ற காட்டுப்புல்லிலிருந்து சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய பயிர் அது. செய்த பொருளா, வளர்த்த உயிரா? பென்சிலின் இன்னொன்று. 1928இல் ஃபிளெமிங் கவனித்தது பூஞ்சை தானாகச் சுரந்த ஒன்றை. 1941இல் ஃபுளோரி, செயின் குழுவினர் நோயாளிக்குச் செலுத்தியது பிரித்துச் சுத்திகரித்த மருந்து. முன்னது கண்டறிந்தது, பின்னது செய்தது. என்னைக் கேட்டால் இரண்டாவதை அனுமதிக்கலாம், மக்காச்சோளத்தை விட்டுவிடலாம். அதை உள்ளே விட்டால் நாயும் பசுவும் பின்னாலேயே வரும். எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் சரி, விவாத நாளன்று எடுக்கக் கூடாது.

அடுத்த சொல் 'முக்கியமான'. இதை 'நல்ல' என்றோ 'பயனுள்ள' என்றோ கேட்பவர்கள் நிறைய. 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் வெடித்த அணுகுண்டை யாரும் நல்ல பொருள் என்று சொல்லப்போவதில்லை, முக்கியமில்லை என்றும் சொல்ல முடியாது. 'மனித வாழ்க்கையின் போக்கை மிக அதிகமாக மாற்றிய' என்று எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் போய்விடும்.

எடை போடும் தராசு

நான்கு அளவுகோல் போதும்: எத்தனை பேரைத் தொட்டது, எவ்வளவு ஆழமாக மாற்றியது, எவ்வளவு காலம் நிலைத்தது, அதற்கு மாற்று இருந்ததா. நான்குக்கும் சம மதிப்பெண் கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. காலத்துக்கு 25 மதிப்பெண் கொடுத்தால் கற்கோடரி உட்கார்ந்த இடத்திலேயே அந்த 25ஐயும் எடுத்துக்கொள்ளும். சுமார் 17 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வந்து, பத்து லட்சம் ஆண்டுகளுக்கு மேல் அதிக மாற்றமில்லாமல் புழங்கிய பொருள் அது. அதோடு போட்டி போட ட்ரான்சிஸ்டருக்கு வழியே இல்லை. 100 மதிப்பெண்ணில் மாற்று இன்மைக்கு 35, ஆழத்துக்கு 30, பரப்புக்கு 20, காலத்துக்கு 15 என்று வைத்தால் பழையதும் புதியதும் ஒரே களத்தில் நிற்கும். இந்தக் கணக்கைப் பேச்சாளர்களுக்கு மூன்று நாள் முன்பே கொடுத்துவிட வேண்டும்.

கூடவே ஒரு தடுப்பும் தேவை. "இது இல்லாவிட்டால் அது இல்லை, ஆகவே இதுதான் பெரிது" என்ற வாதத்துக்கு எல்லை கட்டாவிட்டால், கணினிக்குப் பின்னால் கம்பி, கம்பிக்குப் பின்னால் உலை, உலைக்குப் பின்னால் சம்மட்டி என்று போய், கடைசியில் எல்லோரும் கல்லில் போய் முட்டிக்கொள்வார்கள். இரண்டு கண்ணிக்கு மேல் பின்னால் போகக் கூடாது என்று விதி வையுங்கள்.

எடுத்துவிட்டுப் பார்ப்பது

மாற்று இருந்ததா என்பதைச் சோதிக்க ஒரே வழி, அந்தப் பொருளை வரலாற்றிலிருந்து மனத்தளவில் உருவிவிட்டு, பின்வரும் நூறு ஆண்டுகளில் மக்கள் எதை வைத்துச் சமாளித்திருப்பார்கள் என்று கேட்பது. இங்கே பலர் பொருளை உருவாமல், கண்டுபிடித்த ஆளை உருவிவிடுகிறார்கள். 1876 பிப்ரவரி 14 அன்று கிரஹாம் பெல், எலிஷா கிரே இருவர் சார்பிலும் ஒரே நாளில் தொலைபேசிக்கான ஆவணங்கள் காப்புரிமை அலுவலகத்துக்குப் போயின. பெல்லை எடுத்துவிட்டாலும் தொலைபேசி வந்திருக்கும். அதனால் பெல்லின் இடம் குறையலாம், தொலைபேசியின் முக்கியத்துவம் குறையாது. எதிரணி இந்த இரண்டையும் குழப்பினால் உடனே கையைத் தூக்குங்கள்.

சக்கரத்தை வைத்து ஒரு சுற்றைக் கிட்டத்தில் பார்ப்போம். சக்கரத்துக்காகப் பேசுபவர் பொதுவாக வண்டியில் தொடங்குவார். கி.மு. 3500ஐ ஒட்டிய காலம், மெசபடோமியா, பாரம் ஏற்றிய மாடு, படை, வணிகம். குறுக்குக் கேள்வி இப்படி வரும்:

"வண்டி இல்லாமல் பேரரசு நடத்த முடியுமா?"

"முடியாது."

"தென் அமெரிக்காவில் பேரரசு நடத்திய இன்காக்கள் சுமார் 40,000 கிலோமீட்டர் சாலை போட்டார்கள். அதில் எத்தனை வண்டி ஓடியது?"

ஒன்றுகூட ஓடவில்லை. லாமா என்ற சுமை விலங்குகளும் மனிதத் தோள்களும்தான் சுமந்தன. பண்டைய மெக்சிகோவில் சக்கரம் வைத்த மண் பொம்மைகளே கிடைத்திருக்கின்றன. இழுக்க விலங்கு இல்லாததால் வண்டி வரவில்லை. "முடியாது" என்று சொன்ன அந்த ஒரு சொல்லில் சக்கரத்தின் 35 மதிப்பெண்ணில் பெரும்பகுதி போய்விட்டது. விவரம் தெரிந்தவர் வண்டியை முதல் நிமிடத்திலேயே விட்டுவிட்டு, குயவன் சக்கரம், நீர்ச்சக்கரம், கப்பி, பற்சக்கரம் என்று சுழற்சியின் பக்கம் போவார். உடனே எதிரணி புகைப்பட விதியை எடுக்கும்: "நீங்கள் பேசுவது சக்கரம் என்ற பொருளையா, சுழற்சி என்ற எண்ணத்தையா?" அதற்குப் பதில் வைத்துக்கொண்டுதான் மேடை ஏற வேண்டும். அச்சில் பொருத்திய வட்டம் என்று பொருளைக் குறுக்கிச் சொல்லிவிட்டால் நீர்ச்சக்கரமும் பற்சக்கரமும் கூடவே வரும். சுழல்வதெல்லாம் சக்கரம் என்று விரித்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

பொருளைத் தேர்ந்தெடுப்பது

குறுகலான பொருள்தான் பலம். 'தடுப்பூசி' என்று எடுப்பதைவிட, பெரியம்மை ஒழிப்பில் பயன்பட்ட இரட்டை முனை ஊசியை எடுத்தால் கையில் பிடித்துக் காட்டலாம். பழைய முறைக்குத் தேவைப்பட்ட மருந்தில் சுமார் கால் பங்கே அதற்குப் போதும். அதிகப் பயிற்சி இல்லாதவரும் போடலாம். ஜென்னர் 1796இல் பெரியம்மைத் தடுப்பூசியோடு தொடங்கியதை உலக சுகாதார நிறுவனம் 1980இல் முடிந்ததாக அறிவித்ததற்கு இடையில் அந்தச் சிறு உலோகத் துண்டும் இருக்கிறது.

அச்சு இயந்திரம் எல்லோரும் எடுப்பது. எடுக்கிற பலர் "அச்சைக் கண்டுபிடித்தவர் குட்டன்பர்க்" என்ற முதல் வரியிலேயே விழுகிறார்கள். சீனத்தில் 868இல் அச்சான வைர சூத்திரம் என்ற பௌத்த நூல் இன்றும் இருக்கிறது. 1040களில் பி ஷெங் சுட்ட களிமண்ணில் தனித்தனி எழுத்து செய்தார். கொரியாவில் 1377இல் உலோக எழுத்தில் ஜிக்ஜி என்ற பௌத்த நூல் அச்சானது. சொல்லத் தக்கது இதுதான்: வார்ப்பு எழுத்து, எண்ணெய் மை, அழுத்து பொறி மூன்றையும் ஒன்றுசேர்த்து 1455ஐ ஒட்டிச் சுமார் 180 பைபிள்களைக் குட்டன்பர்க்கின் அச்சகம் தள்ளியது. அதற்கு எதிராகக் காகிதம் வந்து நிற்கும். தோலில் அச்சிட்ட ஒரு பிரதிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கன்றுத் தோல்கள் வேண்டியிருந்தன. காகிதம் இல்லாமல் அச்சு எவ்வளவு தூரம் ஓடியிருக்கும்? இது நியாயமான அடி. பதில் தயாராக இல்லையென்றால் நீங்களே காகிதத்துக்கு மாறிவிடுவது நல்லது.

கண் வைத்த ஊசி கவனிக்கப்படாத நல்ல தேர்வு. சைபீரியாவில் கிடைத்த எலும்பு ஊசிகள் சுமார் 40,000 ஆண்டுப் பழமையானவை. ஆனால் தோலைத் துளைக்கும் குத்தூசி அதற்கு முன்பே இருந்தது. துளை போட்டு நாரைக் கோத்து இழுத்தால் உடை வந்துவிடும். எதிரணி இதைக் கட்டாயம் சொல்லும். துளைப்பதையும் கோப்பதையும் ஒரே அசைவில் செய்வதால் நெருக்கமான தையலும், அடுக்கடுக்கான உடையும் எளிதாயின என்று பதிலை ஆழத்தின் பக்கம் திருப்ப வேண்டும். மாற்றே இல்லை என்று பிடிவாதம் பிடித்தால் நம்பகம் போகும்.

எண்கள் பேசும் பொருள் வேண்டுமா, கப்பல் கன்டெய்னரை எடுங்கள். 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீனின் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. சரக்கு ஏற்றும் செலவு டன்னுக்குச் சுமார் 6 டாலரிலிருந்து 16 சென்ட்டுக்கு இறங்கியது. காலத்தில் மதிப்பெண் குறைந்தாலும் பரப்பில் அள்ளிவிடலாம்.

தூரம் பாயும் பொருளிடம் ஜாக்கிரதை. குதிரையின் அங்கவடி ஐரோப்பிய நிலப்பிரபுத்துவத்தையே உண்டாக்கியது என்று லின் வைட் என்ற வரலாற்றாசிரியர் 1962இல் வாதிட்டார். கேட்க மயக்கும். காலால் ஊன்ற ஓர் இரும்பு வளையம், அதனால் ஈட்டி ஏந்திய குதிரைவீரன், அவனைப் பராமரிக்க நிலம், நிலத்தோடு சேர்ந்து ஒரு சமூக அமைப்பு. அடுத்தடுத்த கண்ணியெல்லாம் வலுவில்லை என்று மற்ற ஆய்வாளர்கள் விரைவிலேயே மறுத்துவிட்டார்கள். உங்கள் வாதம் இந்த வடிவத்தில் இருந்தால் மூன்றாவது கண்ணியை வெட்டிவிடுங்கள்.

பேச்சைக் கட்டுவது

நான்கு நிமிடப் பேச்சுக்குத் தமிழில் 350 முதல் 400 சொற்கள் போதும். முதல் அரை நிமிடம் அந்தப் பொருள் வருவதற்கு முந்தைய ஒரு நாளைக் காட்டுங்கள். ஒரு நிமிடம் நேரடி மாற்றம். ஒன்றரை நிமிடம் அதிலிருந்து பிறந்த இரண்டு விளைவுகள். கடைசி ஒரு நிமிடம் உங்கள் பொருளின் பலவீனத்தை நீங்களே எடுத்துச் சொல்லிப் பதில் தருவதற்கு. இந்தக் கடைசிப் பகுதியை வெட்டுபவர்கள்தான் குறுக்குக் கேள்வியில் திணறுகிறார்கள்.

ஒவ்வொரு கூற்றுக்கும் ஓர் அட்டை. முன்பக்கம் கூற்றும் ஆண்டும், பின்பக்கம் அது எங்கே உடையும் என்பது. எழுதி முடித்ததும் 'முதன்முதலில்', 'உலகிலேயே', 'முழுக்க முழுக்க' ஆகிய சொற்களைத் தேடி அடியுங்கள். ஒரு 'முதன்முதலில்' பொய்யானால் போதும், மீதி எல்லாம் சந்தேகத்துக்கு வந்துவிடும்.

மேடை ஏற்பாடு

நான்கு பேச்சாளர், நான்கு பொருள். இரண்டே பொருள் என்றால் ஒன்றை ஒன்று திட்டுவதில் முடியும். ஆறுக்கு மேல் போனால் யாருக்கும் யாரையும் மறுக்க நேரம் இருக்காது. ஆளுக்கு 4 நிமிடம் பேச்சு, 3 நிமிடம் குறுக்குக் கேள்வி, 3 நிமிடம் மறுப்பு, 2 நிமிடம் நிறைவு என்றால் மொத்தம் 48 நிமிடம். வாக்கெடுப்பையும் தீர்ப்பையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் அடக்கிவிடலாம்.

அவையின் வாக்கைப் பேச்சுக்கு முன்பும் பின்பும் எடுங்கள். முன்பு எடுத்தால் கையில் வைத்திருக்கும் மொபைல்தான் பெரும்பாலும் முன்னிலையில் இருக்கும். அண்மையில் வந்தது பெரிதாகத் தெரிவது இயல்பு. எனவே மொத்த வாக்கை எண்ணக் கூடாது, நகர்ந்த வாக்கை எண்ண வேண்டும். மொபைல் 15இலிருந்து 16க்குப் போய், ஊசி 4இலிருந்து 9க்குப் போனால் அவை வாக்கில் வென்றது ஊசி. நடுவர் மதிப்பெண்ணையும் அவை வாக்கையும் கூட்டிக் கலக்காமல் இரண்டு பரிசாகக் கொடுத்துவிடுவது தகராறு இல்லாத வழி.

நடுவர் மதிப்பெண்ணில் சமன் வந்தால், சமனான இருவரிடமும் ஒரு நிமிடம் கொடுத்து, எதிராளியின் பொருளுக்கு ஆதரவான மிக வலுவான காரணத்தைச் சொல்லச் சொல்லுங்கள். சரியாகச் சொன்னாரா என்பதை அந்த எதிராளியே தலையாட்டிச் சொல்லலாம். அதிலும் சமன் என்றால் மாற்று இன்மைக்கான 35இல் யாருக்கு அதிகம் என்று பார்த்து முடித்துவிடலாம்.