ரோட்டரி எஞ்சினில் எடை குறைப்பு: காசு வீணாகும் இடங்கள்

சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களுக்கு மாஸ்டா 13பி ரோட்டரி எஞ்சின் மீது தனிப் பிரியம் உண்டு. வெறும் 1308 சிசி. பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை; ரோட்டர் என்னும் முக்கோணத் துண்டுகள் உள்ளே சுழன்றே சக்தி தரும். ஆனால் உருவத்தில் சிறியது எடையிலும் சிறியதாக இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். இரண்டு ரோட்டர்களுக்கு முன்னும் இடையிலும் பின்னும் நிற்கும் மூன்று சைடு ஹவுசிங்குகளும், அதாவது பக்கச் சுவர்களும், வார்ப்பிரும்பு. அவற்றுக்குப் பதிலாக அலுமினியத்தில் கடைந்தெடுத்தவையும் கிடைக்கின்றன. விலைதான் கையைக் கடிக்கும்.

கொடுக்கும் காசு தகுமா என்று பார்க்கும்போது பலர் விற்பவர் சொல்லும் தொகையோடு நின்றுவிடுகிறார்கள். ரோட்டரின் பக்கங்களில் வாயு கசியாமல் அடைக்கும் சீல்கள் இந்தச் சுவர்களில் உரசும். வார்ப்பிரும்பின் பரப்பு அந்த உராய்வைத் தானே தாங்கும். வெறும் அலுமினியம் தாங்காது. அதற்குக் கடினப் பூச்சு வேண்டும். பூச்சு விலையில் அடக்கமா, தேய்ந்தால் மறுபடி யார் பூசித் தருவார்கள் என்று கேட்காமல் பணம் கட்டக் கூடாது. சூடேறும்போது அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும் என்பதால், இடைவெளி அளவுகளையும் விற்பவரிடமே எழுத்தில் வாங்க வேண்டும். பூச்சு, புதிய சீல்கள், சரக்குக் கட்டணம், வரி எல்லாவற்றையும் கூட்டி, பழைய ஹவுசிங்கை விற்றால் வரும் பணத்தைக் கழித்து, குறையும் கிலோவால் வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோவின் உண்மை விலை அப்போதுதான் தெரியும்.

குறையும் கிலோவை எஞ்சினில் கணக்கிடுவதும் தவறு. விமானத்தில் கணக்கிட வேண்டும். 700 கிலோ விமானத்தில், எடை மையத்துக்கு 1.2 மீட்டர் முன்னே இருக்கும் எஞ்சினில் 10 கிலோ குறைத்தால், மையம் சுமார் 17 மில்லிமீட்டர் பின்னுக்கு நகரும். அது ஏற்கெனவே அனுமதிக்கப்பட்ட பின் எல்லைக்கு அருகில் இருந்தால், மூக்கில் ஈயம் வைக்க வேண்டியதுதான். இவ்வளவு செலவழித்துவிட்டு ஈயம் சுமப்பானேன்? எஞ்சின் பின்னால் இருக்கும் லாங்-ஈஸி போன்ற விமானங்களில் நிலைமை நேர்மாறு. அங்கே எஞ்சினில் எடை குறைந்தால், மூக்கில் எடைக்காக வைத்த ஈயத்திலும் கொஞ்சம் எடுத்துவிடலாம்.

பந்தயக் கார்களுக்கான லேசான ரோட்டர்களை வாங்குவது, என் கணிப்பில், வீண் செலவு. அவை எஞ்சினை இன்னும் வேகமாகச் சுழலவிடத்தான். விமானத்திலோ கியர்பாக்ஸும் புரொப்பல்லரும் அந்த வேகத்துக்கு எல்லை போட்டுவிடுகின்றன. மேலும், ரோட்டர் எடை மாறினால் கவுண்டர்வெயிட்டுகளையும் மாற்றிச் சமன்படுத்த வேண்டும். அந்தக் கூலி தனி. ஃப்ளைவீலில் (சுழற்சியைச் சீராக்கும் கனமான சக்கரம்) கை வைப்பது இதைவிட ஆபத்தானது. அதன் நிறை குறைந்தால் எஞ்சினுக்கும் புரொப்பல்லருக்கும் இடையிலான முறுக்கு அதிர்வு உச்சம் அடைவது வேறொரு வேகத்துக்கு இடம்மாறும். அது பறக்கும்போது வழக்கமாக வைக்கும் வேகத்திலேயே வந்து நின்றால், கியர் பற்களின் கதி அவ்வளவுதான். அதனால் கியர்பாக்ஸ் தயாரித்தவர் எந்த ஃப்ளைவீலை வைத்துச் சோதித்தாரோ, அதையே பூட்டுங்கள்.

மலிவான கிலோக்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. லித்தியம் பேட்டரி, தேவையில்லாத பிராக்கெட்டுகள், அளவுக்கு மீறி நீளும் குளிர்நீர்க் குழாய்கள். குழாயில் நிற்கும் ஒவ்வொரு லிட்டர் தண்ணீரும் ஒரு கிலோ. இவற்றை முடித்துவிட்டு, பழைய ஹவுசிங்குகளோடு விமானத்தைத் தராசில் ஏற்றிப் பார்த்த பிறகு அலுமினியத்துக்கு ஆர்டர் கொடுத்தாலும் தாமதமாகிவிடாது. ஆயில் கூலரைச் சிறிதாக்கி எடை மிச்சப்படுத்த மட்டும் நினைக்க வேண்டாம். ரோட்டரியைக் குளிர்விக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை ஆயில்தான் செய்கிறது.