நாய் நொண்டுகிறதா? இரண்டாவது டாக்டரிடம் காட்டுவது எப்படி

எங்கள் லேப்ரடார் மணிக்கு 6 வயது. ஒரு நாள் காலையில் வலது பின்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தான். பக்கத்துத் தெரு டாக்டர் சுளுக்கு என்று சொல்லி 10 நாளைக்கு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை இருந்தவரை ஓடினான், ஆடினான். நிறுத்திய மூன்றாம் நாள் பழைய நொண்டல். அப்போதுதான் இன்னொருவரிடமும் காட்டலாம் என்று முடிவெடுத்தோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கால் கோணலாகத் தொங்குகிறது, தரையில் ஊன்றவே இல்லை, பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு போகிறது என்றால் இந்தப் பதிவை மூடிவிட்டு, திறந்திருக்கும் ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடுங்கள்.

முதல் வேலை: வீடியோ

ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் பல நாய்களுக்கு நொண்டல் மாயமாகிவிடும். பயமும் பரபரப்பும் வலியை மறைத்துவிடும். அதனால் வீட்டிலேயே எடுத்து வையுங்கள். வழுக்காத சமதரை, தளர்வாகப் பிடித்த கயிறு, மெதுவான நடை. முன்னாலிருந்து, பின்னாலிருந்து, பக்கவாட்டில் என்று மூன்று துண்டு போதும். தூங்கி எழுந்ததும் வைக்கும் முதல் சில அடிகளை மட்டும் தவறவிடாதீர்கள்.

முன்னங்காலில் வலி இருந்தால் தலையைப் பாருங்கள். வலிக்கிற கால் தரையைத் தொடும்போது தலை மேலே போகும், நல்ல கால் ஊன்றும்போது கீழே இறங்கும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நல்ல காலைக் காட்டுகிறவர்கள் நிறைய. உட்காரும் விதத்தையும் எடுங்கள். மணி வலது காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டித்தான் உட்காருவான். அந்த ஐந்து விநாடித் துண்டைத்தான் புது டாக்டர் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார்.

அப்புறம் விரலிடுக்குகளைப் பிரித்துப் பாருங்கள். முள், உடைந்த நகம், உண்ணி. உண்ணிக் காய்ச்சலிலும் மூட்டு வலித்து நாய் நொண்டும். இன்று ஒரு கால், நாளை வேறு கால் என்று மாறினால் அதை மறக்காமல் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை கேட்பார்கள்.

பழைய டாக்டரிடம் எப்படிக் கேட்பது?

இதில்தான் எல்லோருக்கும் சங்கடம். நான் கேட்டது இவ்வளவுதான்: “டாக்டர், இன்னொருத்தரிடமும் ஒரு தடவை காட்டிடலாம்னு இருக்கோம். எக்ஸ்ரேயும் மருந்துச் சீட்டும் கிடைக்குமா?” அவர் முகம் சுளிக்கவில்லை. எக்ஸ்ரேயை ட்யூப்லைட்டில் பிடித்து செல்போனில் எடுத்த படம் உதவாது. ஃபிலிமையே வாங்குங்கள், டிஜிட்டல் என்றால் மூல ஃபைலை.

மாத்திரைப் பட்டைகளையும் கொண்டுபோங்கள். மெலாக்ஸிகாம், கார்ப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளோடு ஸ்டீராய்டும் சேர்ந்தால் வயிற்றில் புண் வரலாம். முன்பு கொடுத்ததை மறைத்தால் ஆபத்து நாய்க்குத்தான். நாம் சாப்பிடும் ஐபுப்ரோஃபென் பக்கமே போகாதீர்கள். போகும் முன் போனில் இரண்டு கேள்வி: வலி மாத்திரையை நிறுத்த வேண்டுமா, வெறும் வயிற்றோடு வர வேண்டுமா?

எங்கே போவது? எலும்பு, மூட்டு அறுவை சிகிச்சை செய்கிறவராகப் பாருங்கள். சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கல்லூரிகள் உண்டு. காலையிலேயே போய்விடுங்கள், வாய்க்கூடு எடுத்துக்கொள்ளுங்கள்.

அறைக்குள்

என்ன நடந்தது என்று முதலில் சொல்லுங்கள். பழைய டாக்டர் என்ன சொன்னார் என்பதை, இவர் காலைத் தொட்டுப் பார்த்து முடித்தபின் சொன்னால் போதும். முன்முடிவு இல்லாமல் பார்ப்பார் என்பது என் கணக்கு.

மணிக்குச் செய்தது டிராயர் டெஸ்ட். ஒரு கையால் தொடை எலும்பைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கீழ்க்கால் எலும்பை முன்னால் தள்ளுவார்கள். மேசை டிராயர் போல நழுவினால் முழங்கால் ஜவ்வு கிழிந்திருக்கிறது. விழித்திருந்தபோது மணி தொடையை இறுக்கிக்கொண்டான், ஒன்றும் தெரியவில்லை. மயக்க ஊசி போட்டதும் நழுவியது. ஜவ்வு எக்ஸ்ரேயில் தெரியாது. பாதி கிழிந்த நிலையில் கைக்கும் எளிதில் அகப்படாது. அதனால் பழைய டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

கிளம்பும் முன் கேளுங்கள்: வேறு என்னவாக இருக்கலாம்? ஆபரேஷன் இல்லாமல் விட்டால் என்ன ஆகும்? இரண்டு டாக்டரும் வேறு வேறாகச் சொன்னால், ஒருவரோடு ஒருவர் போனில் பேச முடியுமா என்றும் கேட்கலாம், தப்பில்லை.

மணியின் எடை 38 கிலோ. ஆபரேஷனுக்கு முன் 4 கிலோ குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். முறுக்கு நின்றுவிட்டது. அம்மா மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.