பேனா குழாயும் வாஷரும் வைத்துச் சுற்றுப்பாதைக் கணக்கு

வேண்டியவை: ரீஃபில் கழற்றிய பேனா குழாய், 20 கிராம் ரப்பர் கார்க், மொத்தம் 100 கிராம் வாஷர்கள், ஒன்றரை மீட்டர் நூல். நூலுக்குக் காசிமேட்டு வலைச் சாமான் கடையில் கிடைக்கும் தூண்டில் நரம்புதான் சரி. பருத்தி நூல் குழாய் விளிம்பில் உராய்ந்து அறுந்துவிடும். கார்க்குக்குப் பதிலாக இரும்பு நட்டு மட்டும் கட்டாதீர்கள், அறுந்தால் பக்கத்து மாடிக்காரர் மண்டை உடையும்.

1. நரம்பைக் குழாய்க்குள் விட்டு மேலே கார்க், கீழே வாஷர் கட்டுங்கள். குழாய் வாயிலிருந்து கார்க்கின் நடு வரை 80 செ.மீ. இருக்கட்டும். குழாயின் அடியிலிருந்து ஒரு விரல் தள்ளி நரம்பில் இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள்.

2. மொட்டை மாடியில், காலை நேரத்தில் செய்யுங்கள். மதியத்துக்கு மேல் கடற்காற்று கார்க்கை அலைக்கழிக்கும். டேப் ஏறாமல் இறங்காமல் நிற்கும் வேகத்தில் தலைக்கு மேல் சுற்றி, 20 சுற்றுக்கான நேரத்தைப் பாருங்கள். 16 வினாடியை ஒட்டி வர வேண்டும்.

3. கணக்கு இதுதான்: வாஷர்களின் எடைதான் நூலின் இழுவிசை, அதுவே கார்க்கை வட்டத்தில் பிடித்து வைக்கிறது.

சுற்றுக்காலம் = 6.28 × √(கார்க் நிறை × நூல் நீளம் ÷ (வாஷர் நிறை × 9.8))

சுற்றுக்காலம் என்பது ஒரு சுற்றுக்கான நேரம், 9.8 என்பது தரையில் ஈர்ப்பு முடுக்கம் (மீ/வி²). கிராமைக் கிலோவாகவும் செ.மீ.யை மீட்டராகவும் மாற்றிப் போட்டால் 0.80 வினாடி, 20 சுற்றுக்கு 16.

நிறையப் பேர் தடுக்குவது இங்கேதான். நூல் நேர்க்கிடையாக நிற்பதில்லை, சற்றுச் சரிந்துதான் சுற்றும். அப்போது வட்டத்தின் ஆரம் 80 செ.மீ.யை விடக் குறைவு, அதைத்தானே போட வேண்டும்? வேண்டாம். நூல் சரியும்போது ஆரம் எந்த விகிதத்தில் குறைகிறதோ, இழுவிசையில் மையத்தை நோக்கிய பங்கும் அதே விகிதத்தில்தான் குறைகிறது. இரண்டும் அடிபட்டுப் போகும். சரிந்த நூலின் முழு நீளத்தையே போடுங்கள்.

4. இப்போது இன்னொரு கார்க்கைச் சேர்த்துக் கட்டுங்கள். இழுவிசை மாறவில்லை, நிறை இரட்டிப்பு. சுற்றுக்காலம் சுமார் 1.4 மடங்காகும்.

செயற்கைக்கோளில் இப்படி நடக்காது. அங்கே நூலுக்குப் பதில் புவியீர்ப்பு, அது நிறைக்கு ஏற்றபடி கூடவே ஏறும். அதனால் நிறை கணக்கிலிருந்தே விழுந்துவிடுகிறது, வேகம் = √(அந்த உயரத்து ஈர்ப்பு முடுக்கம் × ஆரம்). 400 கி.மீ. உயரத்தில் முடுக்கம் சுமார் 8.7 மீ/வி², ஆரம் பூமியின் மையத்திலிருந்து 6,771 கி.மீ. வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 7.7 கி.மீ., ஒரு சுற்றுக்குச் சுமார் 92 நிமிடம். ஒரு கிலோ செயற்கைக்கோளுக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கும் இதே வேகம்தான். நம் மாடியிலிருந்து பார்க்கும்போது ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் நேரே ஏறாமல் கடல் பக்கம் சாய்ந்து போவதும் இந்தப் பக்கவாட்டு வேகத்துக்காகத்தான்.

பின்சேர்க்கை: 16க்குப் பதில் 14 வினாடிதான் வருகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். டேப் குழாயின் அடியில் முட்டுகிறதா பாருங்கள். முட்டினால் குழாயும் சேர்ந்து நூலை இழுக்கிறது, வாஷர் எடை மட்டும் இழுவிசை இல்லை. கொஞ்சம் மெதுவாகச் சுற்றினால் டேப் கீழே இறங்கும், அப்புறம் நேரம் பாருங்கள்.