கிட்டைத் தாண்டிப் பியர் தயாரிக்கக் கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டிலேயே பியர் தயாரிப்பதற்கான தொடக்கநிலை கிட்டில், ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) ஏற்கெனவே சேர்ந்த மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) பாகும் ஒரு பொட்டலம் ஈஸ்ட்டும் இருக்கும். தண்ணீர் கலந்து நொதிக்க விட்டால் பியர் தயார். அதைத் தாண்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் செய்யும் தவறு, செய்முறைகளைச் சேர்த்துக்கொண்டே போவதுதான். எழுதியவர் தம்முடைய பாத்திரத்தையும் அளவுமுறையையும் மனத்தில் வைத்தே எழுதுகிறார் என்பதால், அவற்றைச் சொல்லாத குறிப்பைப் பாடமாகக் கொள்ள முடியாது.

கேலனையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். 5 கேலனுக்கான அமெரிக்கக் குறிப்பைப் பிரிட்டிஷ் கணக்கில் படித்தால் 18.9 லிட்டருக்குப் பதிலாக 22.7 லிட்டர் ஆகிவிடும், தண்ணீரை 1.000 என்று வைத்து அளக்கும்போது 1.050 அடர்த்தி வர வேண்டிய வோர்ட் (நொதிக்கும் முன்னுள்ள இனிப்பு மால்ட் கரைசல்) 1.042 அளவிலேயே நின்றுவிடும். பிறகு பியர் நீர்த்துவிட்டதே என்று ஈஸ்ட்டைக் குறை சொல்வதில் பொருளில்லை. தானியத்திலிருந்து எத்தனை சதவீதம் சர்க்கரை கிடைக்கும் என்று வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள் என்பதையும் இவ்வாறே பார்க்க வேண்டும்.

நூலின் பதிப்பாண்டைக் கவனிக்காதது அடுத்த தவறு. நொதித்தல் தணிந்ததும் பியரை இரண்டாவது கலனுக்கு மாற்றச் சொல்வது பழைய நூல்களின் வழக்கம். அடியில் தங்கும் ஈஸ்ட் சிதைந்து சுவையைக் கெடுத்துவிடும் என்று அஞ்சினார்கள். சாதாரண ஏல் வகை பியர் இரண்டு மூன்று வாரம் அதே கலனில் இருப்பதால் கெடுவதில்லை. மாற்றும்போது உள்ளே புகும் ஆக்சிஜன்தான் அதைவிடக் கேடு.

காரணம் சொல்லாத காணொளிகளையே நம்பி பாகு இல்லாமல் மால்ட் தானியத்திலிருந்தே தொடங்கும் முழுத் தானிய முறைக்குத் தாவுவதும் வேண்டாம். மால்ட்டை 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஊறவைத்தால் நொதிக்கக்கூடிய சர்க்கரை மிகுந்து பியர் இனிப்பின்றி அமையும். 69 டிகிரியில், குடிக்கும்போது வாயில் உணரும் கனம் கூடும். இந்த வேறுபாட்டை விளக்காமல் ‘67’ என்ற எண்ணை மட்டும் தரும் பாடத்தால், வெப்பநிலை தவறும் நாளில் எந்த உதவியும் கிடைக்காது. ஹாப்ஸ் சேராத மால்ட் பாகுடன் நிறமும் சுவையும் தரும் சிறப்பு மால்ட்டைச் சிறிதளவு ஊறவைத்துப் பழகுவது நல்ல இடைப்படி.

படித்ததை அளந்து பார்க்காமல் விடுவது, என் கணிப்பில், எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. 20 டிகிரிக்கு அளவிட்ட ஹைட்ரோமீட்டரை (அடர்த்தி அளக்கும் மிதவைக் கருவி) 40 டிகிரி வோர்ட்டில் மிதக்கவிட்டால் சுமார் 0.006 குறைவாகக் காட்டும். ஆகவே நோட்டில் அடர்த்தியை எழுதும்போது பக்கத்திலேயே வெப்பநிலையையும் எழுதிவைக்க வேண்டும்.