புல்தரையில மரக்கன்னு முளைக்குதா? பிடுங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

நல்ல மழை பெஞ்சு கொஞ்ச நாள்ல புல்லுக்கு நடுவுல குட்டிக் குட்டியா ஏதோ தலை தூக்கும். களைதானேன்னு விட்டா, அதுல மரக்கன்னு இருந்துச்சுன்னா மேல நாலு விரல் உயரம் இருக்கும்போதே ஆணிவேர் கீழ ரொம்ப தூரம் போயிடும், அப்புறம் எடுக்கிறது பெரும்பாடு.

முதல்ல குனிஞ்சு பாருங்க. புல்லு ஒத்தை இலையா ஊசி மாதிரி வரும். மரக்கன்னுல பெரும்பாலும் அடியில தடிச்ச ரெண்டு விதையிலை (விதையில இருந்து முதல்ல வர்ற இலை), அதுக்கு மேலதான் நிஜ இலை. ஆனா நிறைய களைக்கும் ரெண்டு விதையிலை உண்டு, அதனால தண்டையும் தொட்டுப் பாருங்க, அடித்தண்டு பழுப்பாகி விறைப்பா இருந்தா மரமாத்தான் இருக்கும். பக்கத்துல வேம்போ புங்கையோ நின்னா அதோட இலையை வச்சு ஒப்பிட்டா பாதி வேலை முடிஞ்சுது.

அடுத்தது தான் முக்கியம், நிறைய பேர் இதைப் பண்றதே இல்ல. தண்டைச் சுத்தி மண்ணை லேசா கிளறுங்க. வேர் நேரா கீழ போனா விதையில வந்த கன்னு. படுக்கையா ஓடுற தடிச்ச வேர்ல இருந்து கிளம்பியிருந்தா அது பெரிய மரத்தோட வேர்க்கன்னு. அதுக்கு களைக்கொல்லி அடிக்கவே கூடாது, மருந்து வேர் வழியா தாய்மரத்துக்கே போயிடும். வேரை ஒட்டி வெட்டிவிடுங்க, திரும்ப வரும், திரும்ப வெட்டணும், வேற வழி இல்ல.

விதைக்கன்னா இருந்தா மண்ணு ஈரமா இருக்கும்போது அடித்தண்டைப் பிடிச்சு மெதுவா நேரா மேல இழுங்க. வெடுக்குன்னு இழுத்து விதையிலைக்கு மேல ஒடிஞ்சா, இலையிடுக்குல இருக்கிற மொட்டு துளிர்த்துடும். கொஞ்சம் பெருசாயிட்டா பக்கத்துல களைக்கொத்தியை இறக்கி மண்ணைத் தளர்த்திட்டு இழுங்க.

பொடிக்கன்னு நிறைய இருந்தா ஒவ்வொண்ணா பிடுங்க வேணாம், மிஷின் வச்சு புல்லு வெட்டுறதே போதும். புல்லோட வளர்முனை தரையை ஒட்டி இருக்கு, வெட்டினாலும் வளரும். கன்னோட வளர்முனை உச்சியில இருக்கு, திரும்பத் திரும்ப வெட்டுப்பட்டா பெரும்பாலும் ஓஞ்சிடும். அதுக்காக புல்லை ஒட்ட வழிச்சிடாதீங்க, ஒரு தடவைக்கு மூணுல ஒரு பங்குக்கு மேல வேணாம். சுபாபுல் மாதிரி மரம் தண்டு தடிச்சுட்டா இதுக்கெல்லாம் அடங்காது, வெட்ட வெட்ட நாலா கிளைக்கும், வேரோட தோண்டித்தான் ஆகணும்.

நல்ல மரம்னு தெரிஞ்சா கொல்லாதீங்க, ப்ளீஸ். நிஜ இலை ரெண்டு நாலு வந்ததும் சாயங்காலமா மண்கட்டியோட ஆழமா எடுத்து தொட்டிக்கு மாத்தி, ஒரு வாரம் நிழல்ல வைங்க. ஆணிவேர் அறுபடாம வந்தா பொழைச்சுக்கும்.