கடைவாசல் போர்டைப் படியுங்கள்: டெக்சாஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

டெக்சாஸுக்கு வேலை மாறி வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. அபார்ட்மென்ட் எந்தப் பக்கம் எடுப்பது, டிரைவிங் லைசென்ஸுக்கு எங்கே போவது, பிள்ளைக்கு எந்தப் பள்ளி, நல்ல இட்லி அரிசி எங்கே கிடைக்கும். இதெல்லாம் அடங்கி, மூச்சுவிட்ட பிறகுதான் அந்த போன் வரும். "அண்ணா, கடையில ஒருத்தர் இடுப்புல துப்பாக்கியோட நின்னு கொத்தமல்லி எடுத்துட்டு இருக்கார். போலீஸுக்குச் சொல்லணுமா?"

சொல்ல வேண்டாம். துப்பாக்கி உறைக்குள் இருக்கிறது, மனிதர் தன் பாட்டுக்குக் கொத்தமல்லியைப் புரட்டிக்கொண்டிருக்கிறார் என்றால் போலீஸ் வந்தாலும் செய்வதற்குப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனால் அந்தக் கடைக்காரருக்கு அது சம்மதமா என்பது வேறு கேள்வி. அந்த இடத்தில்தான் வாடிக்கையாளரான உங்களுக்கும் ஒரு பேச்சு இருக்கிறது.

முதலில் சட்டம், சுருக்கமாக. உடைக்குள் மறைத்துக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள 1996 முதல் இங்கே லைசென்ஸ் தருகிறார்கள். 2016 ஜனவரி 1 முதல் லைசென்ஸ் உள்ளவர்கள் அதை வெளியே தெரியும்படியும் உறையில் மாட்டிக்கொள்ளலாம் என்றானது. 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பிய, வேறு சட்டத் தடை இல்லாத ஒருவருக்கு லைசென்ஸே தேவையில்லை. ரைஃபிள் போன்ற நீளத் துப்பாக்கிக்கு இந்த லைசென்ஸ் ஏற்பாடு முன்பும் கிடையாது, இன்றும் கிடையாது. தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கலாம். பிறரை மிரள வைக்கும் நோக்கத்தோடு காட்டினால்தான் குற்றம். ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இது ஜீரணமாகக் கொஞ்ச காலம் பிடிக்கும்.

ஆனாலும் கடை தனியார் இடம். உள்ளே துப்பாக்கி வரலாமா கூடாதா என்று உரிமையாளர் முடிவு செய்யலாம், அதைச் சட்டப்படி தெரிவிக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. தானியங்கிக் கதவுக்குப் பக்கத்துக் கண்ணாடியில், வேலை நேரம், ஆள் தேவை என்ற அறிவிப்புகளுக்கு நடுவே, ஒரு பெரிய எழுத்துப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் ஒரு பத்தி, அதையே ஸ்பானிஷில் இன்னொரு பத்தி. எழுத்து ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு அங்குல உயரம் இருக்க வேண்டும் என்பது சட்டம், அதனால் கண்ணாடியில் பாதியை அது பிடித்துக்கொள்ளும். நம்மில் பலர் ஏதோ தள்ளுபடி விதிமுறை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறோம்.

நின்று படியுங்கள். அதில் ஒரு எண் இருக்கும், டெக்சாஸ் குற்றவியல் சட்டத்தின் பிரிவு எண் அது. 30.06 என்றால், லைசென்ஸ் இருந்தாலும் மறைத்து வைத்த கைத்துப்பாக்கியோடு வரக்கூடாது. 30.07 என்றால், லைசென்ஸ் இருந்தாலும் வெளியே தெரியும்படி கொண்டுவரக்கூடாது. 30.05 லைசென்ஸ் இல்லாதவர்களுக்கானது. மூன்றும் இருந்தால் யாருக்கும் அனுமதியில்லை, போலீஸ்காரர்களைத் தவிர. சிவப்பில் பெரிதாக 51% என்று போட்டிருந்தால் அது வருமானத்தில் பாதிக்கு மேல் மதுவிலிருந்து வரும் இடம். அங்கே முடிவு உரிமையாளருடையது அல்ல, சட்டமே தடுக்கிறது.

நிறைய கடைகளில் 30.07 மட்டும் ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு "இந்தக் கடையில் துப்பாக்கியே இல்லை" என்று நிம்மதியாகிவிட வேண்டாம். கண்ணில் படாது, அவ்வளவுதான். சட்டைக்குள், கைப்பைக்குள் இருக்கலாம். துப்பாக்கிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒன்றும் சில கடைகளில் உண்டு. பார்க்கக் கண்டிப்பாகத் தெரியும். ஆனால் லைசென்ஸ் வைத்திருப்பவரை அந்தப் படம் மட்டும் கட்டுப்படுத்தாது, சட்டத்தில் சொன்ன அதே வாசகம் அதே அளவில் வேண்டும்.

போர்டை மீறி உள்ளே வந்தால் 200 டாலர் வரை அபராதம். மேனேஜர் வாயால் "வெளியே போங்கள்" என்று சொன்ன பிறகும் நின்றால் கதை மாறும்: ஓராண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். ஆகவே கடைக்குள் மேனேஜரின் வாய்ச்சொல்லுக்கு நல்ல கனம் உண்டு. இதை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

இந்தக் கொள்கைகள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் வாடிக்கையாளர்கள் கொடுத்த குடைச்சலில்தான், அதுவும் இரண்டு பக்கத்திலிருந்தும். துப்பாக்கி ஆர்வலர்கள் கூட்டமாக ஸ்டார்பக்ஸுக்குப் போய் காபி வாங்கி ஆதரவு காட்டினார்கள். எதிர்ப்பாளர்கள் அந்தக் காபியைப் புறக்கணித்தார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட நிறுவனத் தலைவர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் 2013 செப்டம்பரில் ஒரு கடிதம் எழுதினார்: தயவுசெய்து துப்பாக்கி கொண்டுவராதீர்கள், ஆனால் இது தடை அல்ல, கொண்டுவந்தால் வெளியேற்ற மாட்டோம். அடுத்த ஆண்டு டாலஸ் பகுதியில் சிலர் ரைஃபிள்களோடு சிபோட்லே உணவகத்துக்குள் நின்று எடுத்த படங்கள் பரவியதும், அந்த நிறுவனமும் அதே மாதிரி கேட்டுக்கொண்டது. 2014 ஜூலையில் டார்கெட் என்ற பெரிய கடைத் தொடரும் சேர்ந்தது. அதற்கு முன்பு அம்மாக்கள் அமைப்பு ஒன்று லட்சக்கணக்கில் கையெழுத்து திரட்டியிருந்தது.

டெக்சாஸுக்குள்ளேயே வாட்டபர்கர் என்ற பர்கர் கடைத் தொடர் 2015இல், புதுச் சட்டம் அமலுக்கு வரும் முன்பே, வெளியே தெரியும் துப்பாக்கி தங்கள் கடைகளில் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. எச்-இ-பி மளிகைக் கடைகளும் அதே வழி. 2019 ஆகஸ்ட் 3 அன்று எல் பாசோ வால்மார்ட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 23 பேர் இறந்தார்கள். ஒரு மாதம் கழித்து வால்மார்ட், வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்தி வர வேண்டாம் என்று வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. குரோகர் மளிகைக் கடைத் தொடரும் அன்றே அதையே சொன்னது.

இதில் கவனிக்க வேண்டியது, பல நிறுவனங்கள் கையைக் கூப்பிக் கேட்டுக்கொள்கின்றன, கதவில் சட்டப் போர்டு ஒட்டுவதில்லை. போர்டும் இல்லை, மேனேஜரும் ஒன்றும் சொல்லவில்லை என்றால், துப்பாக்கியோடு நிற்பவர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. செய்தியில் "தடை" என்று படித்துவிட்டு அவரிடம் போய் வாதம் செய்தால் தோற்பது நாம்தான்.

அவரிடம் போகவே வேண்டாம், தோற்போம் ஜெயிப்போம் என்பதற்காக அல்ல. முறைப்பதும், போனைத் தூக்கிப் படம் எடுப்பதும், பக்கத்தில் நிற்கும் பிள்ளையிடம் சத்தமாகத் தமிழில் அவரைப் பற்றிப் பேசுவதும் தேவையில்லாத வேலை. உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் வண்டியைத் தள்ளிக்கொண்டு கஸ்டமர் சர்வீஸ் மேசைக்குப் போங்கள். பில் போடும் பிள்ளையிடம் சொல்லிப் பயனில்லை, அது பகுதி நேர வேலைக்கு வந்த கல்லூரி மாணவியாக இருக்கும். மேனேஜரைக் கேளுங்கள். குரலை உயர்த்தாமல் இரண்டே விஷயம்: காய்கறிப் பக்கம் ஒருவர் துப்பாக்கியோடு இருக்கிறார், உங்கள் கடையின் கொள்கை என்ன? அவ்வளவுதான். 30.07 போர்டு இருக்கும் கடையில் அவர் போய்ப் பேசக் கடமைப்பட்டவர் மாதிரி நடந்துகொள்வார். போர்டு இல்லாத கடையில் தோளைக் குலுக்கிவிட்டுச் சிரிக்கவும் கூடும். அந்த மனிதர் சாதாரண உடையில் இருக்கும் போலீஸ் என்றும் தெரியவரலாம், இங்கே அது சகஜம்.

அவசர உதவி எண்ணான 911 வேறு விஷயம். துப்பாக்கி உறையை விட்டு வெளியே வந்துவிட்டது, யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டே கை அதன் மேல் போகிறது, ரைஃபிளைத் தோளில் மாட்டாமல் கையில் தயாராகப் பிடித்திருக்கிறார் என்றால் மேனேஜரைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வெளியேறி, தூரத்தில் நின்று கூப்பிடுங்கள். கடையின் பெயர், எந்த வாசல், சட்டையின் நிறம், அவர் என்ன செய்கிறார் என்பதைச் சொல்லுங்கள். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், பயத்தில் கூட்டிச் சொன்னால் வருகிற போலீஸ் அந்தக் கூட்டலை நம்பித்தான் வரும். எல் பாசோ நடந்து ஒரு வாரத்தில், மிசூரி மாநிலத்தில் ஓர் இளைஞர் குண்டு துளைக்காத உடையும் ரைஃபிளுமாக ஒரு வால்மார்ட்டுக்குள் நடந்தார், தன் உரிமையைச் சோதித்துப் பார்த்தாராம். மக்கள் தெறித்து ஓடினார்கள், அவர் கைதானார். உரிமை இருக்கிறது என்பதற்காக எதையும் எப்படியும் செய்யலாம் என்று இங்கேயும் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

உண்மையான பதில் வீட்டுக்கு வந்த பிறகுதான். ரசீதை எறியாதீர்கள். அதில் கடை எண், தேதி, நேரம் எல்லாம் இருக்கிறது. அந்த எண்ணோடு தலைமை அலுவலகத்துக்கு நான்கு வரி எழுதுங்கள். பிரசங்கம் வேண்டாம், அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் பற்றிய கட்டுரையும் வேண்டாம். வாரா வாரம் குடும்பத்தோடு இந்தக் கடைக்கு வருகிறேன், இவ்வளவுக்கு வாங்குகிறேன், இன்று இதைப் பார்த்தேன், பிள்ளைகளோடு வர எனக்குத் தயக்கமாக இருக்கிறது, உங்கள் கொள்கையை வாசலில் போர்டாக வைப்பீர்களா என்று கேளுங்கள். கொள்கை பிடித்திருந்தாலும் எழுதுங்கள். துப்பாக்கி வேண்டாம் என்று சொன்ன கடைக்கு, "என் துப்பாக்கி வராத இடத்துக்கு என் பணமும் வராது" என்கிற ரீதியில் சீட்டு அச்சடித்துக் கல்லாவில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நம்மைப் போன்ற ஆதரவானவர்கள் வாயே திறப்பதில்லை. அப்புறம் கடைக்காரர் யார் பேச்சைக் கேட்பார்?

நம்ம ஊர்ச் சாமான் விற்கும் சின்னக் கடைகளில் நேராகவே பேசலாம், உரிமையாளர் கல்லாவிலேயே இருப்பார். ஆனால் அவருடைய கணக்கு வேறு. கல்லாவுக்கு அடியில் அவரே ஒன்று வைத்திருக்கலாம், இரவு பத்து மணிக்குத் தனியாகக் கடை சாத்துகிறவர். நம்மவர்களிலும் குடியுரிமையோ கிரீன் கார்டோ வாங்கிய பிறகு துப்பாக்கி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். கோயில் கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிடுகிறவராக இருக்கலாம். அதனால் எல்லாரும் நம் பக்கம் என்று நினைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்காதீர்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கொலை செய்ய வருகிறவனை எந்தப் போர்டும் நிறுத்தாது. 2023 மே 6 அன்று டாலஸுக்கு வடக்கே ஆலன் நகரத்து அவுட்லெட் மாலில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 8 பேர் இறந்தார்கள், அவர்களில் இந்தியாவிலிருந்து வந்த இளம் பொறியாளர் ஒருவரும் இருந்தார். நம்மில் பலர் சனிக்கிழமைகளில் போகும் இடம் அது. போர்டு செய்வது சின்ன வேலை: உறையில் துப்பாக்கியோடு வரும் சாதாரண மனிதரிடம், இங்கே வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்வது. அந்தச் சின்ன வேலைக்கும் மதிப்பு உண்டு என்பது என் கட்சி.

"எச்1பியில் இருக்கிறோம், புகார் எழுதினால் விசாவுக்கு ஏதாவது ஆகுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கடைக்கு எழுதும் கடிதத்துக்கும் விசாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விசாவுக்கு ஆபத்து இருப்பது எதிர்ப்பக்கத்தில். எச்1பி, எச்4, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம், 15 ஆண்டு வரை சிறை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருக்கின்றன. டெக்சாஸ் சட்டம் லைசென்ஸ் கேட்காது என்பது இதற்குச் சமாதானம் ஆகாது. ஆபீஸில் டீம் அவுட்டிங் என்று சுடும் பயிற்சிக் கூடத்துக்குக் கூட்டிப் போவார்கள். வாடகைத் துப்பாக்கிதானே, பத்து நிமிடம்தானே என்று கையில் வாங்காதீர்கள், அதுவும் வைத்திருப்பதாகவே கணக்காகலாம். விசா காரணமாக முடியாது என்று ஆபீஸ் மேனேஜரிடம் ஒரு வரி சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள்.